காளை, கரடி, நீர்க்குமிழி: சில ஆங்கிலச் சொற்களின் கதை

"மலருக்கு ஒரு கட்டுரை அனுப்புங்க" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். மெஸ் சாம்பார், ஒர்க்ஷாப்பில் உடைந்த ஹேக்ஸா பிளேடு, செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரவு, இவற்றைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆட்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர். நான் எழுதப் போவது சில ஆங்கிலச் சொற்களின் வரலாறு. எனக்கும் மொழியியலுக்கும் சம்பந்தம் கிடையாது. 2006–2010 மெக்கானிக்கல் பேட்ச். இப்போது ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு என்ஜினீயர். அப்படிப்பட்டவனுக்கு ஏன் இந்த வேலை? காரணம் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

2008-ஆம் வருஷக் கடைசி. நாங்கள் மூன்றாம் ஆண்டு. செப்டம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவால் ஆனது. 'எங்கோ யாரோ கவிழ்ந்தால் நமக்கென்ன' என்று நினைத்தோம். சீனியர்களுக்கு வந்திருந்த வேலை உத்தரவுகள் தள்ளிப்போக ஆரம்பித்ததும்தான் உறைத்தது. அந்தச் சமயத்தில் இலக்கிய மன்றக் கூட்டத்தில் நம் ஆங்கிலப் பேராசிரியர் அரை மணி நேரம் பேசினார். நான் போனது சமோசாவுக்காக, இதை மறைப்பானேன்? அவர் கரும்பலகையில் ஒரு கோபுரம் வரைந்தார். அதன் உச்சியில் ஓர் ஆள். பக்கத்தில் 'ஸ்பெகுலேஷன்' என்று எழுதி, "இந்தச் சொல் இங்கிருந்துதான் இறங்கி வந்தது" என்றார். அதற்குள் சமோசா வந்துவிட்டது. மீதி என் காதில் விழவில்லை.

விழுந்திருக்கலாம் என்று பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் தோன்றியது.

கோபுரத்தின் மேல் ஒருவன்

லத்தீன் மொழியில் 'ஸ்பெகேரே' என்றால் பார்ப்பது. 'ஸ்பெகுலா' என்றால் காவற்கோபுரம். அதன் மேலே நின்று எதிரி வருகிறானா என்று உளவு பார்ப்பது 'ஸ்பெகுலாரி'. இங்கிலீஷுக்கு வந்தபோது அது மனத்தால் பார்ப்பதாக, சிந்திப்பதாக மாறியது. பதினாறாம் நூற்றாண்டில் 'ஸ்பெகுலேட்' செய்கிறவர் என்றால் தத்துவம் யோசிக்கிறவர். விலை ஏறும், இறங்கும் என்று எதிர்பார்த்து வாங்கி விற்கும் அர்த்தம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒட்டிக்கொண்டது. 1776-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற பொருளாதார நூலில் ஆடம் ஸ்மித் இந்த அர்த்தத்தில் அதைப் பயன்படுத்துகிறார். ஒரே தொழிலில் நிலைத்து நிற்காமல், எதில் லாபம் வரும்போல் தெரிகிறதோ அதில் நுழைந்து, லாபம் குறையும்போல் தெரிந்ததும் வெளியேறுகிறவரை அவர் அப்படிக் குறிப்பிடுகிறார். இதே பெயரில் ஒரு சீட்டாட்டமும் இருந்தது. ஜேன் ஆஸ்டின் 1814-இல் எழுதிய 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் ஒரு குடும்பம் அதை உட்கார்ந்து ஆடுகிறது.

இந்த 'ஸ்பெகேரே' குடும்பத்தின் மற்ற பிள்ளைகளைப் பாருங்கள்: இன்ஸ்பெக்ஷன், ஸ்பெசிஃபிகேஷன், ஸ்பெக்ட்ரம், சஸ்பெக்ட். என் வேலையின் பெயரே இன்ஸ்பெக்ஷன்! காலையிலிருந்து மாலைவரை கையில் ஸ்பெசிஃபிகேஷன் தாள். ஒரு ஷாஃப்ட்டின் விட்டம் 0.02 மில்லிமீட்டர் கூடினால் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவன்தான் 2021 ஆகஸ்டில், எதையும் அளந்து பார்க்காமல், போனில் ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கினேன்.

15,000 ரூபாயில் ஆரம்பித்தேன். மூன்றே வாரத்தில் 62,000 ஆயிற்று. இதைவிடக் கெட்ட ஆரம்பம் இருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. அப்போது, நாலு வருஷம் என்ஜினீயரிங் படித்த மூளை சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன். என் சேமிப்பு 1,40,000-ஐ உள்ளே போட்டேன். அப்புறம் இன்னொரு 3,00,000. அது என் பணம் அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

கரடித் தோல் வியாபாரம்

முதலில் கரடி. காட்டில் திரியும் கரடியைப் பிடிப்பதற்கு முன்பே அதன் தோலை விற்காதே என்று ஐரோப்பாவில் ஒரு பழமொழி உண்டு. பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்காதே என்கிறோமே, அந்த மாதிரி. கையில் இல்லாத பங்கை இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, விலை இறங்கியதும் வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவரைப் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் லண்டனில் 'கரடித் தோல் வியாபாரி' என்றார்கள். தோல் உதிர்ந்து கரடி மட்டும் மிஞ்சியது. விலை ஏறும் என்று வாங்குகிறவருக்குக் காளை என்ற பெயர், கரடிக்கு ஜோடியாக வந்ததாகத்தான் தெரிகிறது. காளை கொம்பால் மேலே தூக்கும், கரடி கையால் கீழே அறையும் என்று பங்குச்சந்தை வகுப்புகளில் சொல்வது பின்னாளில் பொருத்திக்கொண்ட விளக்கம்.

இந்த மிருகக்காட்சி சாலையில் நொண்டி வாத்தும் உண்டு. பேசியபடி பணம் கட்ட முடியாமல் சந்தையை விட்டு நொண்டிக்கொண்டே வெளியேறுகிறவர்தான் 'லேம் டக்'. 1761-இல் எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் இத்தாலியில் இருந்த தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், காளை, கரடி, நொண்டி வாத்து என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்கிறார். ஆக, சொற்கள் அப்போதே ஊருக்குள் வந்துவிட்டன. அர்த்தம் எல்லோருக்கும் எட்டவில்லை.

இந்த மிருகங்கள் எல்லாம் உலவிய இடம் லண்டனின் எக்ஸ்சேஞ்ச் ஆலி என்னும் சந்து. அங்கே ஜோனாதன்ஸ் என்றொரு காபிக் கடை. 1698-இல் ஜான் காஸ்டெய்ங் என்பவர் அங்கிருந்து பங்கு விலைப் பட்டியல் வெளியிட ஆரம்பித்தார். 1773-இல் தரகர்கள் தனிக் கட்டடத்துக்குப் போய் அதற்கு 'ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர் வைத்தார்கள். 'புரோக்கர்' என்ற சொல்லும் பானக் கடையிலிருந்து வந்ததுதான், ஆனால் காபி அல்ல. பழைய பிரெஞ்சில் அது ஒயின் பீப்பாயைத் துளைத்துச் சில்லறையாக ஊற்றி விற்பவரைக் குறித்தது. 'ஸ்டாக்' என்பது பழைய ஆங்கிலத்தில் மரக்கட்டை. இங்கிலாந்து அரசாங்கம் கடன் கணக்கை ஒரு குச்சியில் வெட்டுக்குறிகளாகப் போட்டு, நெடுக்காகப் பிளந்து, ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்ளும் வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்தது. பணம் கொடுத்தவர் கையில் இருக்கும் நீளமான பாதிக்குப் பெயர் 'ஸ்டாக்'. அந்தக் குச்சிகள் வழக்கொழிந்த பின், 1834 அக்டோபர் 16-ஆம் தேதி, மிச்சமிருந்தவற்றை அடுப்பில் போட்டு எரித்தார்கள். அளவுக்கு மீறி எரிந்து பார்லிமென்ட் கட்டடமே சாம்பலாயிற்று!

நியூட்டனும் நீர்க்குமிழியும்

டச்சுக்காரர்களிடம் 'விண்ட்ஹண்டல்' என்று ஒரு சொல் உண்டு. காற்று வியாபாரம் என்று அர்த்தம். கையில் சரக்கும் இல்லை, பணமும் இல்லை, வெறும் பேச்சு மட்டும் கைமாறும் வியாபாரம். 1636-37 குளிர்காலத்தில் ஹாலந்தில் டூலிப் கிழங்குகளை, மண்ணுக்குள் இருக்கும்போதே, அப்படித்தான் கைமாற்றினார்கள். 1637 பிப்ரவரியில் ஹார்லெம் நகரில் ஒருநாள் வாங்க ஆள் வரவில்லை. கதை முடிந்தது.

இங்கிலாந்தில் முறை வந்தது 1720-இல். 1711-இல் தொடங்கப்பட்ட சவுத் ஸீ கம்பெனி அரசாங்கக் கடனைத் தன் பங்குகளாக மாற்றித் தருவதாக ஏற்றுக்கொண்டது. ஜனவரியில் சுமார் 128 பவுனாக இருந்த பங்கு கோடையில் 1,000 பவுனைத் தொட்டது. முழுப் பணமும் கட்ட வேண்டாம், தவணையில் கட்டலாம் என்றதால் கூட்டம் அள்ளியது. செப்டம்பர் முடிவதற்குள் விலை 200 பவுனுக்கும் கீழே. அந்த வருஷம் ஊரெங்கும் முளைத்த கம்பெனிகளை 'பபிள்' என்றே அழைத்தார்கள். நீர்க்குமிழி என்பதோடு, அந்தக் காலத்தில் 'பபிள்' என்ற வினைச்சொல்லுக்கு 'ஏமாற்று' என்றும் பொருள் உண்டு. அதை மறந்துவிட்டு நாம் சோப்புக் குமிழியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அந்தக் குமிழியில் பணத்தை விட்டவர்களில் ஒருவர் சர் ஐசக் நியூட்டன். அப்போது அவருக்கு வயது 77. அரசாங்க நாணயச் சாலைத் தலைவர். முதலில் நல்ல லாபத்தில் விற்றுவிட்டு வெளியே வந்தவர்தான். பிறகும் விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் உச்சிக்குப் பக்கத்தில் மறுபடி உள்ளே போனார். 20,000 பவுன் இழந்தார் என்று அவர் குடும்பத்தார் வழியே வந்த செய்தி. நாலு செமஸ்டர் அவர் விதிகளை எழுதிப் பாஸ் செய்த நாம், இதையும் ஒரு பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

நெம்புகோல்

'லெவரேஜ்' என்ற சொல்லை என்ஜினீயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லத்தீனில் 'லெவாரே' என்றால் தூக்குவது. நெம்புகோல் சும்மா எதையும் தராது என்று முதலாண்டு மெக்கானிக்ஸ் வகுப்பிலேயே படித்தோம். விசையில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுக்க வேண்டும். பணத்திலும் அதே கணக்குத்தான். கையில் 1 லட்சம் வைத்து 5 லட்சத்துக்குச் சரக்கு எடுத்தால், விலை 4 சதவீதம் இறங்கும்போது கையிருப்பில் 20 சதவீதம் காலி. 20 சதவீதம் இறங்கினால் கையிருப்பு பூஜ்யம். இந்தக் கணக்கைப் போட கால்குலேட்டர்கூட வேண்டாம். நான் போடவில்லை.

'ஆப்ஷன்' என்றால் தேர்ந்தெடுக்கும் உரிமை. இதுவும் புதுச்சரக்கு அல்ல. 1690-களிலேயே லண்டனில் 'புட்', 'ரெஃப்யூசல்' என்ற பெயர்களில் நடந்தது. உரிமையை வாங்கியவருக்குத்தான் தேர்வு; விற்றவருக்குக் கடமை. சின்னத் தொகையை முன்னால் வாங்கிக்கொண்டு பெரிய பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வது அது. வாரா வாரம் சின்னத் தொகை வந்ததால் நான் விற்கிற பக்கம் போயிருந்தேன். 2022 பிப்ரவரி 24, வியாழக்கிழமை. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. நிஃப்டி ஒரே நாளில் 4 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பத்து மணி டீ இடைவேளையில் தொழிற்சாலைக் கழிவறைக்குள் நின்று போனைப் பார்த்தேன். அன்று மட்டும் 1,60,000 ரூபாய். 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று இறங்கியதில் ஏப்ரலுக்குள் மீதியும் கரைந்தது. மொத்தம் போட்டது 4,55,000. மிஞ்சியது 38,000.

நான் தனி ஆள் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர, ஆப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தலைக்குச் சராசரி சுமார் 2 லட்சம். நூறு பேர் எழுதி ஏழு பேர் பாஸ் ஆகிற பேப்பரை நம் கல்லூரியில்கூட யாரும் செட் பண்ணியதில்லை!

'சராசரி' என்றதும் ஞாபகம் வருகிறது. 'ஆவரேஜ்' என்ற சொல் கப்பல் வியாபாரத்தில் பிறந்தது. கடலில் சரக்குக்குச் சேதம் ஏற்பட்டால் அதை வியாபாரிகள் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வது. சேதத்தைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல் இத்தாலி வழியே இங்கிலீஷுக்குப் போய்க் கணக்குப் பாடத்தில் உட்கார்ந்துவிட்டது.

நம்ம ஊர் சங்கதி

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று நினைக்க வேண்டாம். 1906 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி வங்கி கதவை மூடியது. அதன் லண்டன் கூட்டு நிறுவனம் ஊக வணிகத்தில் பெரிதாக நஷ்டப்பட்டிருந்தது. இங்கே பணம் போட்டிருந்த சாதாரண ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். நம் பணத்துக்கு நம் வங்கி வேண்டும் என்று வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முன்னின்றதன் பலன், 1907-இல் இந்தியன் வங்கி.

அமெரிக்காவில் 'பக்கெட் ஷாப்' என்று ஒன்று இருந்தது. தந்தியில் வரும் பங்கு விலையைப் பலகையில் எழுதிப்போட்டு, பங்கே வாங்காமல் விலையின் மேல் பந்தயம் கட்டும் கடை. அதே திருட்டு வியாபாரத்துக்கு நம் நாட்டில் வழங்கும் பெயர் 'டப்பா டிரேடிங்'. அவர்களுக்கு வாளி, நமக்கு டப்பா. சட்டம் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை.

'இன்வெஸ்ட்மென்ட்' என்ற சொல்லில் இன்னும் நெருங்கிய சம்பந்தம். லத்தீனில் 'வெஸ்டிஸ்' என்றால் உடை. 'இன்வெஸ்ட்' என்றால் உடுத்துவது. பணத்துக்கு வேறு உடை போடுவது என்ற பொருள் இத்தாலியிலிருந்து வந்து, பதினேழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கிழக்கிந்திய வியாபாரத்தில்தான் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. ஏற்றுமதிக்காக இங்கே சரக்குக் கொள்முதல் செய்வதையே கம்பெனிக்காரர்கள் 'இன்வெஸ்ட்மென்ட்' என்றார்கள். சென்னைக் கோட்டையில் அந்தச் சரக்கு பெரும்பாலும் நம் நெசவாளர்களின் துணிதான்!

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில 'கேஷ்' நம்ம 'காசு'தான் என்று மேடையில் முழங்குவார்கள். பாதிதான் சரி. கீழை நாட்டுச் சில்லறை நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம் காசிலிருந்து போர்ச்சுகீசியர் வழியே போனது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சு, இத்தாலியச் சொல். சொல் விஷயத்திலும் ஊகம் ஆபத்து.

பரண்

அந்த 3,00,000 ரூபாய் அப்பாவுடையது. மக்காச்சோளம் விற்று மூணு வருஷமாகச் சேர்த்தது. கிணற்றை ஆழப்படுத்துவதற்காக என் கணக்கில் போட்டு வைத்திருந்தார். 2022 மே மாதம் ஊருக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். சாயங்காலம் வரை வாய் வரவில்லை. ராத்திரி அப்பா டார்ச் லைட்டையும் தகர டின்னையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார். காட்டுப்பன்றி வந்தால் ஒரே ராத்திரியில் வெள்ளாமை போய்விடும். நானும் கூடப் போனேன். பரண் மேல் ஏறி உட்கார்ந்ததும்தான் பேராசிரியர் வரைந்த அந்தக் கோபுரம் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்பெகுலா!

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "கிணறு எங்க போயிரும் தம்பி, அடுத்த வருஷம் வெட்டிக்கலாம். நீ ராத்திரியில தூங்குறியா?" என்றார். நான் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

திரும்பி வந்ததும் பேராசிரியரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஓய்வு பெற்றுவிட்டார். காரணத்தைச் சொல்லாமல், "சார், அன்னைக்கு அந்தக் கோபுரத்தைப் பத்திச் சொன்னீங்களே, மீதியைச் சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நல்ல அகராதியா வாங்கி நீயே பாருப்பா" என்றார். அப்படிப் பார்த்துச் சேர்த்ததுதான் மேலே எழுதியதெல்லாம்.

போன வருஷம் ஒரு விருந்தினர் உரைக்காக நம் கல்லூரிக்கு வந்திருந்தேன். கேன்டீனில் இரண்டாம் ஆண்டுப் பையன்கள் நாலு பேர் ஒரே போனில் சிவப்பும் பச்சையுமான கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்ன தம்பி இது?" என்றேன். "டிரேடிங் அண்ணா. சூதாட்டம் இல்லை" என்று, நான் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னான் ஒருவன். நானும் 2021-இல் என் மனைவியிடம் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். என்ன பதில் சொல்வது என்று அன்றைக்குத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தத் தம்பிக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. பங்கு வாங்காதே என்று சொல்லவில்லை. நல்ல கம்பெனியின் பங்கை என் சொந்தப் பணத்தில் வாங்கிப் பல வருஷம் வைத்திருக்க நானும் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கோபுரத்தில் ஏறுகிறவன் கீழே யாருடைய வெள்ளாமை இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறட்டும்.

அப்பாவின் பணத்தைச் சம்பளத்திலிருந்து மாதா மாதம் கட்டி, 2024 டிசம்பரில் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கோடையில் கிணறு இருபது அடி ஆழம் போனது. தண்ணீர் இருக்கிறது.